மேகக்கப்பலின் கடைசிக் காட்சி

பேசாலை, மன்னார்
3 பெப்ரவரி 2024

மதிப்பிற்குரிய 'சான்றெங்கே' ஐயாவுக்கு,

உங்கள் சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. இந்தப் பெயரில்தான் நீங்கள் இணையக் கலைக்களஞ்சியத்தில் எழுதுகிறீர்கள், அதைவிட அதிகமாக வெட்டுகிறீர்கள். ஆகவே இப்படியே கூப்பிடுகிறேன். கட்டுரை பற்றிய முறைப்பாட்டை அதன் உரையாடல் பக்கத்தில் எழுதலாம் என்று போட்டிருந்ததால் இங்கே எழுதுகிறேன்.

'மேகக்கப்பல்' என்ற சிறுவர் காட்டூன் தொடருக்குத் தமிழில் நாலு வரிதான் இருந்தது. மிரா என்ற பிள்ளை, அவளோடு திரியும் நரிக்குட்டி, முகில்களுக்கு மேலே ஓடும் கப்பல், அதன் மந்திரப் பாய்கள், இவற்றையெல்லாம் பந்தி பந்தியாக எழுதிச் சேர்த்தது நான். சமையல் முடிந்த நேரங்களில் கைப்பேசியில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி எழுதினேன். நீங்கள் வந்து பாதியை எடுத்துவிட்டீர்கள். மிகை விவரமாம். பொறுத்துக்கொண்டேன்.

ஆனால் கடைசி அத்தியாயத்தைப் பற்றி நான் எழுதிய கடைசி வசனத்தை ஏன் எடுத்தீர்கள்? 'கப்பல் திரும்பி வந்து நரிக்குட்டியை ஏற்றிக்கொண்டது' என்பதில் என்ன மிகை இருக்கிறது? இராமேஸ்வரம் பக்கம் அன்ரனாவைத் திருப்பி வைத்து, இந்தியாவிலிருந்து வந்த தமிழ் ஒளிபரப்பில் எங்கள் தெருவே அதைப் பார்த்தது. இருபது வருடத்துக்கு மேலாகிறது என்றாலும் எனக்கு மறதி வியாதி கிடையாது. தயவுசெய்து அந்த வசனத்தைத் திருப்பிப் போடுங்கள்.

இப்படிக்கு,
வின்சன்ட்87

---

4 பெப்ரவரி 2024

திரு. வின்சன்ட் அவர்களுக்கு,

உங்கள் உழைப்பை மதிக்கிறேன். நீங்கள் மாணவராக இருக்கலாம் என்று நினைக்கிறேன். புதிதாக வருபவர்களுக்கு இந்தக் கோபம் வருவது வழமை.

இங்கே எழுதும் எதற்கும் அச்சிலோ வேறு நம்பகமான இடத்திலோ வெளிவந்த சான்று வேண்டும். 'எங்கள் தெரு பார்த்தது' என்பது சான்று ஆகாது. அது ஒருபுறம் இருக்க, கடைசி அத்தியாயத்தை ஆங்கிலத்தில் முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் அந்த வசனத்தை நீக்கினேன். கப்பல் போய்விடுகிறது. நரிக்குட்டி மலை விளிம்பில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது. அத்தோடு தொடர் முடிகிறது. கப்பல் திரும்பி வரவில்லை.

நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதினால், நடந்த மற்றவற்றையும் யாரும் நம்ப மாட்டார்கள். மீண்டும் சேர்த்தால் மீண்டும் நீக்க வேண்டியிருக்கும்.

சான்றெங்கே

---

பேசாலை
9 பெப்ரவரி 2024

ஐயா,

நான் மாணவனும் இல்லை, வின்சன்டும் இல்லை. வின்சன்ட் என்பது என் கணவர். அவருடைய மின்னஞ்சலில் கணக்குத் திறந்ததால் அவர் பெயர் விழுந்துவிட்டது. அவர் கடலுக்குப் போகிறவர். கலைக்களஞ்சியம் என்றால், அது கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்பார். என் பெயர் பெற்றிசியா.

திரும்பவும் சண்டைக்கு வரக்கூடாது என்றுதான் இத்தனை நாளும் பேசாமல் இருந்தேன். இருக்க முடியவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு ஒரே மகள், பிறின்சி. நாலாம் வகுப்பு. கெட்டிக்காரி, வாய் ஓயாது, ஆனால் வாசிப்பு வராது. எழுத்துகள் இடம் மாறி ஓடுகின்றன என்பாள். புத்தகத்தைக் கண்டால் வயிற்றுவலி வந்துவிடும். 'மேகக்கப்பல்' என்றால் மட்டும் உயிர். யாரோ இணையத்தில் ஏற்றிவைத்த பழைய தமிழ் அத்தியாயங்களைப் பார்த்துப் பார்த்துப் பாடமாக்கி வைத்திருக்கிறாள். கடைசி அத்தியாயம் மட்டும் அங்கே இல்லை. அதனால்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. அவளுக்குப் பிடித்த கதையை நான் எழுதிவைத்தால் வாசிக்கப் பார்ப்பாளோ என்று.

வாசித்தாள் ஐயா. விரலை வைத்து, மூச்சுப் பிடித்து. மற்ற வசனங்களுக்கு நான் துணை போனேன். அந்தக் கடைசி வசனத்தை மட்டும் தனியாக, ஒரு சொல்லும் விடாமல் வாசித்தாள். அவள் தானாக வாசித்த முதல் வசனம் அதுதான். அடுத்த நாள் அப்பாவைக் கூப்பிட்டு, கதிரையில் இருத்தி, வாசித்துக் காட்டப் போனால் வசனத்தைக் காணவில்லை. மேலும் கீழும் தேடினாள். பிறகு என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, நான் பிழையா வாசிச்சனானோ? இல்லாத ஒண்டை வாசிச்சனானோ?"

அன்றிலிருந்து அவள் அந்தப் பக்கத்தைத் தொடவில்லை. வேறு எந்தப் பக்கத்தையும் தொடவில்லை. உங்கள் சட்டம் சரியாக இருக்கலாம். எனக்கு உங்கள்மேல் கோபம்தான்.

பெற்றிசியா

---

புத்தளம்
10 பெப்ரவரி 2024

அன்புள்ள பெற்றிசியா அக்காவுக்கு,

இதை உரையாடல் பக்கத்தில் போடாமல் மின்னஞ்சலில் அனுப்புகிறேன். நான் ஐயா இல்லை. என் பெயர் ரிஸ்னா. வயது இருபத்தைந்து. புத்தளத்தில் ஒரு நூலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். உங்களைத் தம்பி என்று நினைத்து எழுதியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் என்னைக் கிழவராக்கியதோடு கணக்குச் சரி.

உங்கள் கடிதத்தை நேற்றிலிருந்து பலமுறை வாசித்துவிட்டேன். என்ன எழுதுவது என்று தெரியாமல் எழுதி எழுதி அழித்தேன். அந்த வசனத்தைத் திருப்பிப் போடுகிறேன் என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது. ஆனால் பிள்ளை பிழையாக வாசிக்கவில்லை என்று காட்ட முடியும்.

கட்டுரையின் மேலே 'வரலாறு' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் இந்தக் கட்டுரை ஒவ்வொரு நாளும் எப்படி இருந்தது என்று வரிசையாக வரும். நீங்கள் எழுதிய அன்றைய பதிப்பைத் திறவுங்கள். அந்த வசனம் அங்கே அப்படியே இருக்கும். நாங்கள் எதை வெட்டினாலும் அது முழுதாக அழிவதில்லை அக்கா, ஒதுக்கி வைக்கப்படுகிறது, அவ்வளவுதான். அவள் வாசித்தது உண்மையாகவே அங்கே இருந்தது. எடுத்தது நான் என்றும் சொல்லுங்கள். என் பெயரையே சொல்லுங்கள்.

ரிஸ்னா

---

பேசாலை
18 பெப்ரவரி 2024

அன்பான ரிஸ்னாவுக்கு,

ஐயா என்று எழுதியதை நினைத்துத் தனியாக இருந்து சிரித்தேன். என் மனதில் உங்களுக்குக் கண்ணாடியும் நரைமீசையும் வைத்திருந்தேன்.

நீங்கள் சொன்னபடி 'வரலாறு' பொத்தானை அழுத்திக் காட்டினேன். பிறின்சி கைப்பேசியைப் பறித்துக்கொண்டு போய் வாசலில் இருந்து அந்த வசனத்தை வாசித்தாள். திரும்பத் திரும்ப வாசித்தாள். முகம் தெளிந்துவிட்டது. நான் மாதாவுக்கு நன்றி சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்வியோடு வந்து நின்றாள். அப்படியென்றால் ஏன் எடுத்தார்கள், அது பொய்யா என்று. கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அதனால் இன்னும் வாசிக்க மாட்டேன் என்று நிற்கிறாள். பொய் எழுதுகிற பக்கத்தை வாசிக்க மாட்டாளாம்.

உங்களைப் பொய்யாக்கிக் காட்டவேண்டும் என்று அன்று பார்த்தவர்களையெல்லாம் விசாரித்தேன். அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் அமிர்தநாயகம் அண்ணர் வீட்டில் மட்டும்தான் ரீவி. மின்சாரம் இல்லை, வாகனப் பற்றறியில் ஓடும். தெருப் பிள்ளைகள் முழுக்க அங்கேதான். என் மச்சான் றெனால்ட், தான் கண்ணால் கண்டதாகச் சத்தியம் செய்தான். கப்பலிலிருந்து கயிறு இறங்கியது, நரிக்குட்டி அதைக் கவ்விப் பிடித்து ஏறியது என்றான். அடுத்த வீட்டு டினோஜா, கயிறு எங்கே இருந்து வந்தது, இறங்கியது ஏணி என்றாள். எனக்கோ மிரா கையை நீட்டித் தூக்கியதுதான் ஞாபகம். நரிக்குட்டியின் நனைந்த காதுகூட கண்ணுக்குள் நிற்கிறது. ஒரே படத்தை மூன்று பேர் மூன்று விதமாகப் பார்த்திருக்கிறோம்.

முற்றத்தில் நண்டு வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த வின்சன்ட் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருந்தார். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"அண்டைக்குப் படம் போயிட்டுதெல்லே. நான்தானே மேல நிண்டு சொன்னனான்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் திரும்பி வந்தது. அன்ரனா இரும்புப் பைப்பில் நிற்கும். காற்று அடித்தால் திரும்பிவிடும். யாராவது ஒரு பையன் கூரைக்கு மேலே நின்று பைப்பைத் திருப்பவேண்டும். உள்ளே இருக்கும் நாங்கள் வருது, வருது, போச்சு என்று கத்துவோம். அன்றைக்கு மேலே நின்றது இவர். கடைசிக் கட்டத்தில் திரை முழுக்கப் புள்ளியாகிவிட்டது, சத்தமும் போய்விட்டது. இவர் எந்தப் பக்கம் திருப்பியும் வரவில்லை. சின்னப் பிள்ளைகள் அழத் தொடங்கினார்கள். அழவேண்டாம், படம் கடலுக்கு மேலாலே வருகிறபோதே எனக்கு இங்கே தெரிகிறது என்று மேலிருந்து கத்தி, கப்பல் திரும்புகிறது, நரிக்குட்டி ஏறுகிறது என்று சொல்லியிருக்கிறார். நாங்கள் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டு நம்பினோம். பிறகு பார்த்ததாகவே நினைத்துவிட்டோம்.

ஆக, நீங்கள் சொன்னதுதான் சரி. கப்பல் வரவில்லை. இதை மகளுக்கு எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

பெற்றிசியா

---

புத்தளம்
20 பெப்ரவரி 2024

அன்புள்ள அக்கா,

சொல்லிவிடுங்கள். அப்படியே சொல்லுங்கள். அவளுடைய அப்பா கூரைமேல் நின்று சொன்ன கதை என்று சொல்லுங்கள். ஒரு பிள்ளைக்கு இதைவிட நல்ல செய்தி என்ன இருக்கிறது?

நான் ஐந்து வருடமாக இங்கே எழுதுகிறேன். நிறையப் பேர் வருவார்கள். நான் சான்று கேட்பேன், கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள். நீங்கள் ஒருவர்தான் கோபித்துக்கொண்டும் திரும்பி வந்து, எனக்கெதிராகச் சான்று தேடப் போய், கிடைத்ததை மறைக்காமல் எழுதியவர். அதனால் நானும் ஒன்று சொல்கிறேன்.

எங்கள் குடும்பமும் உங்கள் மன்னார்ப் பக்கம்தான். சிலாவத்துறை. தொண்ணூறாம் ஆண்டு வடக்கு முஸ்லிம்கள் எல்லாரோடும் சேர்த்து வெளியேற்றப்பட்டு இங்கே வந்தவர்கள். நான் பிறந்தது இங்கே. சண்டை முடிந்து வாப்பா ஊருக்குத் திரும்பப் போனபோது, ஏறிய அரசாங்கக் கந்தோர்களில் எல்லாம் ஒரே கேள்வி. நீங்கள் இங்கே இருந்ததற்குச் சான்று எங்கே? வாப்பாவிடம் இருந்ததெல்லாம் அவர் வாய்ச்சொல் மட்டும்தான். சின்னப் பிள்ளையாக அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான் அந்தப் படிகளில் ஏறி இறங்கியிருக்கிறேன். அந்தக் கேள்வியைத்தான் பெயராக வைத்துக்கொண்டேன். ஒன்றை யாரும் தட்டிக்கழிக்க முடியாதபடி எழுதிவைக்கவேண்டும் என்ற வெறி எனக்கு. சில நேரம் அதே கந்தோர்க்காரர்போல நானும் நடந்துவிடுகிறேன் என்று உங்கள் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கப்பல் திரும்பி வந்தது என்று எழுதினால் பொய். பேசாலையில் பிள்ளைகளுக்குக் கப்பல் திரும்பி வந்தது என்று சொல்லப்பட்டது என்று எழுதினால் உண்மை. அந்த உண்மை எங்காவது அச்சில் வரவேண்டும். மன்னாரிலிருந்து ஒரு காலாண்டுச் சஞ்சிகை வருகிறதே, அவர்களுக்கு எழுதுங்கள். அவர்கள் விசாரித்துப் போட்டால் அது சான்று.

ரிஸ்னா

---

பேசாலை
14 ஏப்ரல் 2024

அன்பான ரிஸ்னாவுக்கு,

பெருநாள் நல்லபடியாக முடிந்திருக்கும். எங்களுக்கும் உயிர்த்த ஞாயிறு முடிந்து வீடு இப்போதுதான் அடங்கியிருக்கிறது.

கட்டுரை சஞ்சிகையில் வந்துவிட்டது. படியை உங்கள் விலாசத்துக்கு அனுப்பினேன், கிடைத்தது என்று நீங்களும் சொல்லிவிட்டீர்கள். நான் எழுதியதை அவர்கள் சும்மா போடவில்லை. ஆசிரியர் ஓர் ஆளை அனுப்பி, றெனால்ட், டினோஜா, அமிர்தநாயகம் அண்ணர் என்று எல்லாரிடமும் கேட்டு எழுதியிருக்கிறார்கள். வின்சன்டைப் படம் எடுக்க வந்தபோது மனுசன் பின்வாசலால் கடற்கரைக்கு, போட்டடிக்குப் போய்விட்டார்.

பிறின்சிக்கும் சொல்லிவிட்டேன். முதலில் தகப்பனோடு சண்டை, ஏன் பொய் சொன்னீர்கள் என்று. பிறகு யோசித்துவிட்டு, நீங்கள் சொல்லாவிட்டால் நரிக்குட்டி இன்னும் அங்கேதானே நிற்கும் என்றாள். சமாதானம். இப்போது அந்த வரி எப்போது வரும் என்று பள்ளிக்கூடத்தால் வந்ததும் கேட்கிறாள். வந்தால் வாசிப்பாளாம். வராவிட்டால் மாட்டாளாம்.

சான்று வேண்டும் என்றீர்கள், தேடித் தந்தோம். நீங்கள் வெட்டுவதற்கு ஒரு நாளும் எடுப்பதில்லை. சேர்ப்பதற்கு மட்டும் ஏன் இத்தனை சுணக்கம்?

பெற்றிசியா அக்கா

---

புத்தளம்
15 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்கா,

இதை எழுதக் கை கூசுகிறது. நான் அதைச் சேர்க்க முடியாது.

ஒரு விஷயத்தோடு சொந்தத் தொடர்பு உள்ளவர் அதைப் பற்றி எழுதக்கூடாது என்பது இங்கே விதி. நீங்கள் சேர்க்க முடியாது, உங்கள் கணவரைப் பற்றியது. நானும் இப்போது சேர்க்க முடியாது. உங்கள் வீட்டு வாசல் எந்தப் பக்கம் என்பதுவரை எனக்குத் தெரியும். பிறின்சி வாசிக்கவேண்டும் என்று தொழுகையில் கேட்கிறேன். இப்படிப்பட்டவள் நடுநிலையாக எப்படி எழுதுவது? உரையாடல் பக்கத்தில் வேண்டுகோளாக வைத்திருக்கிறேன், சஞ்சிகையின் பக்க எண்ணோடு. எங்களைத் தெரியாத யாராவது பார்த்துச் சேர்க்கவேண்டும். எப்போது என்று எனக்கும் தெரியாது.

ரிஸ்னா

---

பேசாலை
16 ஏப்ரல் 2024

உங்கள் விதி உங்களோடேயே இருக்கட்டும்.

பெற்றிசியா

---

புத்தளம்
12 மே 2024

அக்கா,

நீங்கள் பதில் போடாவிட்டாலும் எழுதுகிறேன். கலைக்களஞ்சியத்தில் நான் இத்தனை காலம் இருந்து, ஒருவருக்காக விதியை மீறலாமா என்று யோசித்தது இதுதான் முதல் தடவை. வசனத்தைத் தட்டி முடித்து, சேமிக்கிற பொத்தான் வரை போய்விட்டேன். பிறகு விட்டுவிட்டேன். நான் சேர்த்தால் நாளைக்கு யாராவது வந்து, இது அவர்களுடைய ஆள் போட்டது என்று எடுத்துவிடுவார்கள். பிள்ளை இரண்டாம் தடவையும் தேடிப் பார்த்து ஏமாறக்கூடாது. அவள் வாசிக்கப் போகிற வரியை யாரும் அசைக்க முடியாமல் இருக்கவேண்டும். அதற்காகத்தான் காத்திருக்கிறேன், உங்களோடு பிடிவாதம் பிடிப்பதற்கு இல்லை.

வேண்டுகோள் இன்னும் அங்கேயே கிடக்கிறது. ஒவ்வொரு நாளும் போய்ப் பார்க்கிறேன். என்னோடு கோபமாகவே இருங்கள், ஆனால் போய்விடாதேயுங்கள்.

ரிஸ்னா

---

பேசாலை
2 ஜூன் 2024

என் அன்பான தங்கச்சி ரிஸ்னாவுக்கு,

நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுதவேண்டும் என்று உங்களிடம்தானே பழகினேன்.

கோபம் போய்க் கனநாள். எழுத வெட்கமாக இருந்தது, அதுதான் சுணங்கிவிட்டேன். உங்கள் மே மாதக் கடிதத்தை வின்சன்டுக்கு வாசித்துக் காட்டினேன். அந்தப் பிள்ளை சொல்வதுதான் சரி, பைப்பைச் சும்மா செருகிவைத்தால் காற்றுக்குத் திரும்பத்தானே செய்யும், இறுக்கிக் கட்டவேண்டும் என்றார்.

வியாழக்கிழமை பார்த்தால் வரி வந்திருக்கிறது. இன்ஸாப் என்று ஒருவர் சேர்த்திருக்கிறார். உங்களுக்கும் அவரைத் தெரியாது என்று நினைக்கிறேன். எனக்கும் தெரியாது. எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

அன்று காற்று பலம், போட்டுகள் கடலில் இறங்கவில்லை. வின்சன்ட் வீட்டில்தான் நின்றார். பிறின்சி அவரைக் கூப்பிட்டு இருத்தினாள். நான் அடுப்பை விட்டுக் குசினி வாசலில் நின்று காது கொடுத்தேன், கிட்டப் போகப் பயமாக இருந்தது. அவள் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். 'மன்னார்த் தீவின் பேசாலையில் ஒளிபரப்பு இடையில் தடைப்பட்டதால், கூரையில் அன்ரனாவைத் திருப்பிக்கொண்டிருந்த சிறுவன் ஒருவன் இறுதிக் காட்சியைத் தானே கற்பனை செய்து சொன்னான். அக்கதையில் கப்பல் திரும்பி வந்து நரிக்குட்டியை ஏற்றிக்கொண்டது. இக்காட்சி மூலத் தொடரில் இல்லை.' ஒளிபரப்பு என்ற இடத்தில் சிக்கினாள். தடைப்பட்டதால் என்ற இடத்தில் திரும்பவும் சிக்கினாள். தகப்பன் உதவவில்லை, அவருக்கும் அந்தச் சொற்கள் கஷ்டம்தான். நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். கடைசியில் தானே தாண்டிப் போய்விட்டாள்.

வாசித்து முடித்துவிட்டுத் தகப்பனைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்பா, இப்ப இதில பொய் ஒண்டும் இல்லைத்தானே?"

"இல்லை பிள்ளை. நான் சொன்னனான் எண்டுதானே போட்டிருக்கு. அது உண்மை."

அவருடைய கண்ணைப் பார்க்க முடியாமல் நான் திரும்பிவிட்டேன். அழுதேன், அதற்கு என்ன. இத்தோடு முடிந்தது, இனிக் கைப்பேசியை எடுத்து வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். இந்த ஒரு பக்கத்தைத் தவிர வேறு எதையும் வாசிக்க மாட்டேன் என்று இருந்தவள் அல்லவா. சத்தம் இல்லாமல் இருக்கவே எட்டிப் பார்த்தேன். அந்த வரியில் 'மன்னார்த் தீவு' என்ற சொல் நீலமாக இருந்ததாம், அழுத்தியிருக்கிறாள். வேறொரு கட்டுரை திறந்துவிட்டது. காட்டூனும் இல்லை, நரிக்குட்டியும் இல்லை. தீவு, கடல், ஊர்ப் பெயர்கள் மட்டும்தான். விரலை வைத்து முதல் வரியிலிருந்து வாசித்துக்கொண்டிருக்கிறாள்.

பக்கத்தில் போய் மெதுவாக இருந்தேன். ஒரு பந்தி முடியும் வரைக்கும் அவள் என்னைப் பார்க்கவே இல்லை. பிறகு தலையைத் தூக்கி, முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டாள்.

"அம்மா, பேசாலையைப் பற்றி ஒரு வரிதான் கிடக்கு. ஆரிட்டச் சொல்ல வேணும்?"

உங்கள் பெயரைத்தான் சொன்னேன்.

அன்புடன்,
பெற்றிசியா அக்கா